நாட்டை வென்றவர், வீட்டில் தோற்றவர்



சரித்திரப் பாடத்தில் 1066 என்ற ஆண்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளை எதை மறந்தாலும் இந்த ஆண்டை மறக்காது. கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த ஒரு டியூக், ஒரே நாள் போரில் இங்கிலாந்து ராஜாவை வீழ்த்திய ஆண்டு அது. அவர் பெயர் வில்லியம். வெற்றி வீரர் வில்லியம் என்று உலகம் அவரை அழைக்கிறது.

டியூக் என்றால் யார்? ராஜாவுக்கு அடுத்த படியில் இருக்கும் பெரிய பிரபு. பேருக்கு ராஜாவுக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் தம் எல்லைக்குள் அவர் வைத்ததுதான் சட்டம்.

போரில் அவர் எப்படி ஜெயித்தார் என்பதைப் பாடப் புத்தகமே சொல்லிவிடும். நாம் இங்கே பார்க்கப் போவது அவருடைய குடும்பக் கதை. ஊரார் இளக்காரம் செய்த ஒரு பிள்ளை எப்படி வளர்ந்தான், வளர்ந்து தகப்பன் ஆன பிறகு தன் பிள்ளைகளை எப்படி நடத்தினார், முடிவில் அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று என்பதைப் படித்துவிட்டு, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

தோல்காரர் வீட்டுப் பேரன்

பிரான்சு நாட்டின் வடக்குக் கரையில் நார்மண்டி என்று ஒரு பகுதி இருக்கிறது. வடதேசத்திலிருந்து கப்பலில் வந்து கொள்ளையடித்த வைக்கிங் கூட்டத்தார் குடியேறிய இடம் அது. அவர்களை விரட்ட முடியாத பிரான்சு ராஜா, சுமார் 911-ஆம் ஆண்டில் அவர்களுடைய தலைவன் ரோலோவுக்கு அந்த நிலத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். வடக்கத்தி மனிதர் வாழும் நாடு என்பதால் நார்மண்டி என்று பெயர் வந்தது. ரோலோவின் வம்சத்தில் ஆறாவது தலைமுறையாக வந்தவர்தான் நம் வில்லியம்.

அவர் 1027 அல்லது 1028-இல் ஃபலேஸ் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ராபர்ட், நார்மண்டியின் டியூக். தாயார் பெயர் ஹெர்லேவா. இந்த ஹெர்லேவாவின் தகப்பனார் ஃபலேஸ் ஊரில் தோல் பதனிடுபவர் என்று பழைய கதைகள் சொல்கின்றன. வேறு தொழில் செய்தவர் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. எப்படியானாலும் பெரிய பிரபுக்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல. கோட்டைக்குக் கீழே ஓடும் நீரோடையில் துணி வெளுத்துக்கொண்டிருந்த பெண்ணை மேலேயிருந்து டியூக் பார்த்து மயங்கினார் என்று ஊர்க்கதை ஒன்று இன்றும் வழங்குகிறது.

டியூக் அந்தப் பெண்ணைக் கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே பிறந்த பிள்ளைக்கு முறை தவறிப் பிறந்தவன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தோல் தொழில் என்றால் அங்கேயும் இளக்காரம்தான். நாற்றம் பிடித்த வேலை என்று மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். தோலில் செய்த செருப்பும் சேணமும் மட்டும் அவர்களுக்கு வேண்டும்!

ஹெர்லேவாவுக்குப் பிறகு ஹெர்லுவின் என்ற பிரபுவைக் கலியாணம் செய்து வைத்தார்கள். அந்த வழியில் வில்லியமுக்கு ஓடோ, ராபர்ட் என்று இரண்டு தம்பிகள் பிறந்தார்கள். இந்த ஓடோவை மறந்துவிடாதீர்கள்; மறுபடியும் வருவார்.

ஏழெட்டு வயதில் டியூக்

1035-இல் தகப்பனார் ராபர்ட், ஜெருசலேம் புண்ணிய தலத்துக்கு யாத்திரை போகப் புறப்பட்டார். அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் போகிறவர் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஆகையால் பிரபுக்களையெல்லாம் கூட்டி, தமக்குப் பின் வில்லியம்தான் வாரிசு என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். பயந்தபடியே ஆயிற்று. திரும்பி வரும் வழியில், இன்றைய துருக்கியில் உள்ள நைசியா என்ற ஊரில் அவர் இறந்துபோனார்.

ஏழு அல்லது எட்டு வயதுப் பிள்ளை டியூக் ஆனான். நம் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்த வயது! சத்தியம் செய்த பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு கோட்டை கட்டிக்கொண்டார்கள். ஆளுக்கொரு பக்கம் நிலத்தை வளைத்துப் போட்டார்கள். தட்டிக் கேட்க ஆள் இல்லை.

பிள்ளைக்குக் காவலாக வைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். ரூவன் நகரப் பேராயர் 1037-இல் மறைந்தார். பிரிட்டனி நாட்டு ஆலன் 1040-இல் இறந்தார். கில்பர்ட் என்ற காவலரை வெட்டிக் கொன்றார்கள். ஆசிரியராக இருந்த துர்க்கெட்டிலையும் கொன்றார்கள். ஆஸ்பெர்ன் என்ற மாளிகை அதிகாரியை வில்லியம் படுத்துறங்கும் அறைக்குள்ளேயே புகுந்து கொன்றுவிட்டார்கள். தன்னைக் காக்க இருந்தவரின் ரத்தத்தைப் படுக்கையருகே பார்த்த பிள்ளையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அந்த நாளில் அவனைக் காப்பாற்றியவர் யார் தெரியுமா? இளக்காரம் செய்தார்களே, அந்தத் தாய் வீட்டு வழியில் வந்த தாய்மாமன் வால்ட்டர்தான். ராத்திரி நேரங்களில் பிள்ளையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் ஏழைக் குடியானவர் குடிசைகளில் ஒளித்து வைப்பாராம். பிரபுக்கள் கொல்லப் பார்த்தார்கள். ஏழைகள் இடம் கொடுத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி வளர்ந்த பிள்ளைக்கு இருபது வயது நெருங்கியபோது, சொந்தக்காரனான கை என்பவனே மற்றப் பிரபுக்களைச் சேர்த்துக்கொண்டு கலகம் செய்தான். வில்லியம் பிரான்சு ராஜாவிடம் போய் உதவி கேட்டார். 1047-இல் வாலேதூன் என்ற வெளியில் நடந்த சண்டையில் கலகக்காரர்கள் ஓடினார்கள். அன்றுதான் வில்லியம் உண்மையிலேயே டியூக் ஆனார்.

ஒரு கேலியும் ஒரு கொடுமையும்

சில ஆண்டுகள் சென்றபின் அலான்சோன் என்ற ஊரை வில்லியம் முற்றுகையிட்டார். ஊருக்கு வெளியே இருந்த ஒரு காவல் அரணில் நின்றவர்களுக்குக் கேலி செய்யத் தோன்றியது. மாட்டுத் தோல்களைத் தொங்கவிட்டு அடித்துக் காட்டி, தோல்காரர் வீட்டுப் பேரன் வந்திருக்கிறான் என்று நையாண்டி செய்தார்களாம். அரண் பிடிபட்டது. கேலி செய்தவர்களின் கைகளையும் கால்களையும் வெட்டச் சொன்னார் வில்லியம். அதைப் பார்த்த ஊர் மக்கள் நடுங்கிப்போய்க் கதவைத் திறந்து விட்டார்கள்.

சிறு வயதில் பட்ட அவமானம் உள்ளே நெருப்பாகக் கிடந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் பட்ட வலிக்காக மற்றவன் கை காலை வெட்டலாமா? வலி தெரிந்தவன் இரக்கம் காட்டுவான் என்று நாம் நினைக்கிறோம். எல்லாரும் அப்படி இருப்பதில்லை. சிலர் தாம் வாங்கிய அடியை அப்படியே மற்றவர்மேல் இறக்கி வைத்துவிடுகிறார்கள். வில்லியமின் வரலாறு முழுக்க இதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

மட்டில்டா வந்த வீடு

ஃபிளாண்டர்ஸ் நாட்டுப் பிரபு ஐந்தாம் பால்ட்வின் மகள் மட்டில்டாவை வில்லியம் பெண் கேட்டார். பெரிய இடத்துப் பெண். அவளுடைய தாயார் பிரான்சு ராஜாவின் மகள். 1049-இல் போப்பாண்டவர் ஒன்பதாம் லியோ இந்தக் கலியாணத்துக்குத் தடை போட்டார். இருந்தாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் கலியாணம் நடந்தேறியது. பிறகு பத்தாண்டு போல் கழித்துத்தான் போப்பின் சம்மதம் கிடைத்தது. அதற்குப் பிராயச்சித்தமாகக் கணவனும் மனைவியும் கான் நகரில் ஆளுக்கொரு மடாலயம் கட்டினார்கள். ஆண் துறவிகளுக்கு ஒன்று, பெண் துறவிகளுக்கு ஒன்று. இரண்டு கோயில்களும் இன்றும் அங்கே நிற்கின்றன.

அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்குக் கலியாணத்துக்கு வெளியே தொடுப்புகள் இருப்பது சர்வ சாதாரணம். ஆனால் வில்லியம் மட்டில்டாவைத் தவிர வேறு பெண்ணை நாடியதாகத் தெரியவில்லை. தான் பட்ட அவமானம் தன் பிள்ளைக்கு வரக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ! இதில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அவர்களுக்கு நான்கு ஆண் பிள்ளைகள்: ராபர்ட், ரிச்சர்ட், வில்லியம், ஹென்றி. பெண் பிள்ளைகள் குறைந்தது ஐந்து பேர். அவர்களில் சிசிலியா, தாயார் கட்டிய மடத்திலேயே துறவியாகிப் பின்னாளில் மடத்துத் தலைவி ஆனார். அடேலா என்ற மகள் புளுவா நாட்டுப் பிரபுவை மணந்து, கணவர் வெளிநாடு போனபோது நாட்டை நிருவகித்த கெட்டிக்காரி. ஆண் பிள்ளைகளில் ரிச்சர்ட் இளவயதிலேயே காட்டில் வேட்டையாடும்போது இறந்துவிட்டார்.

1066

இங்கிலாந்து ராஜா எட்வர்டுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய தாயார் எம்மா, வில்லியமின் தாத்தாவோடு கூடப் பிறந்தவர். எட்வர்டும் இளமையில் பல ஆண்டுகள் நார்மண்டியில் அடைக்கலம் இருந்தவர். தமக்குப் பின் இங்கிலாந்து உனக்குத்தான் என்று எட்வர்டு வாக்குக் கொடுத்ததாக வில்லியம் சொன்னார். ஹரால்ட் என்ற ஆங்கிலப் பிரபு தமக்குத் துணை நிற்பதாகச் சத்தியம் செய்தார் என்றும் சொன்னார். ஆனால் 1066 ஜனவரி 5-ஆம் தேதி எட்வர்டு கண்ணை மூடியதும், மறுநாளே ஹரால்ட் முடிசூட்டிக்கொண்டார்.

வில்லியம் கப்பல் கட்ட ஆரம்பித்தார். மட்டில்டா தம் பங்குக்கு மோரா என்ற கப்பலைக் கணவருக்குக் கொடுத்தார். வேறொரு பக்கம், ஹரால்டின் சொந்தச் சகோதரன் டாஸ்டிக், நார்வே ராஜாவைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கிலாந்தின் வடக்கே இறங்கினான். அண்ணன் தம்பிச் சண்டை அந்த வீட்டிலும் இருந்தது பாருங்கள். ஹரால்ட் படையோடு வடக்கே ஓடி, செப்டம்பர் 25-இல் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் என்ற இடத்தில் இருவரையும் வீழ்த்தினார். மூன்றே நாளில், செப்டம்பர் 28-இல், வில்லியம் தெற்கே பெவன்சி கரையில் வந்து இறங்கிவிட்டார். களைத்துப்போன படையை இழுத்துக்கொண்டு ஹரால்ட் மறுபடியும் தெற்கே ஓடிவந்தார்.

அக்டோபர் 14-ஆம் தேதி ஹேஸ்டிங்ஸ் அருகே சண்டை. காலையில் தொடங்கியது, பொழுது சாயும்வரை ஓயவில்லை. நடுவில் வில்லியம் செத்துவிட்டார் என்று புரளி கிளம்பி நார்மன் படை ஓடத் தொடங்கியது. வில்லியம் தலைக்கவசத்தைத் தூக்கி முகத்தைக் காட்டிப் படையைத் திருப்பினார். மாலையில் ஹரால்டும் அவருடைய இரண்டு தம்பிமாரும் பிணமாகக் கிடந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி லண்டனில் வில்லியமுக்கு முடிசூட்டு விழா. உள்ளே மக்கள் போட்ட ஆரவாரத்தைக் கலகம் என்று தப்பாக நினைத்து, வெளியே நின்ற காவலர்கள் சுற்றியிருந்த வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள். தீயோடுதான் அந்த ஆட்சி தொடங்கியது.

எரிந்த வடக்கும் எழுதிய ஏடும்

வடக்கு இங்கிலாந்தில் கலகம் எழுந்தது. 1069-70 குளிர்காலத்தில் வில்லியம் அங்கே படையை அனுப்பி ஊர்களையும் தானியத்தையும் கால்நடைகளையும் கலப்பைகளையும் எரிக்கச் செய்தார். எஞ்சியவர்கள் பட்டினியில் செத்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர் மாண்டதாக ஆர்டெரிக் என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். எண்ணிக்கை கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனால் பல காரியங்களில் வில்லியமைப் புகழ்ந்த அந்தத் துறவியே, இந்தக் கொடுமையை மட்டும் மன்னிக்க முடியாது என்று எழுதினார். சிறு பிள்ளையாக ஓடியபோது இடம் கொடுத்தது குடியானவர் குடிசை. ராஜா ஆனபின் அவர் எரித்ததும் குடியானவர் குடிசையைத்தான்.

பழைய ஆங்கிலப் பிரபுக்களின் நிலங்கள் பறிபோய் நார்மன் பிரபுக்கள் கைக்கு வந்தன. தம்பிமார் ஓடோவுக்கும் ராபர்ட்டுக்கும் மிகப் பெரிய பங்கு கிடைத்தது.

1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் வில்லியம் ஒரு பெரிய கணக்கெடுப்புக்கு உத்தரவு போட்டார். தோட்டத்தில் கிராணி பேரேட்டை வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ராஜாவின் கிராணிமார்கள் ஒரு நாட்டுக்கே பேரேடு எழுதினார்கள்! ஊர் யாருடையது, எட்வர்டு காலத்தில் யாருக்குச் சொந்தம், இப்போது யார் கையில், எத்தனை ஏர், எத்தனை குடியானவர், எத்தனை அடிமை, எத்தனை மாவாலை, என்ன வருமானம் என்று எல்லாவற்றையும் விசாரித்தார்கள். பெரும்பாலும் 1086-ஆம் ஆண்டுக்குள் முடிந்த அந்த ஏட்டில் 13,000-க்கு மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. கடவுளின் கடைசித் தீர்ப்புநாள் போல இதற்கும் அப்பீல் கிடையாது என்று ஜனங்கள் அதற்கு டூம்ஸ்டே ஏடு என்று பெயர் வைத்தார்கள். வடக்கே பல ஊர்களுக்கு நேராகப் பாழ் என்று எழுதியிருக்கிறது. எரித்தவர் கையாலேயே எழுதி வைத்த சாட்சி அது! இன்றும் இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த ஏடு பத்திரமாக இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. நார்மன்கள் பிரெஞ்சு பேசினார்கள். அதனால் ஆட்சிக்கும் வழக்குக்கும் உரிய பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் ஏராளமாகப் புகுந்தன. நாம் பேச்சுவழக்கில் கோர்ட்டு, ஜட்ஜு என்கிறோமே, அந்தச் சொற்கள் அப்படி ஆங்கிலத்துக்கு வந்தவைதான். வில்லியம் தாமும் ஆங்கிலம் படிக்க முயற்சி செய்தார். நாற்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, வேலையும் ஓயவில்லை, படிப்பு ஏறவில்லை. படிக்க வேண்டிய வயதில் படித்துவிட வேண்டும், தெரிகிறதா?

அப்பா வைத்த பட்டப்பெயர்

இனித்தான் கதையின் முக்கியமான இடம்.

மூத்த மகன் ராபர்ட் கட்டை குட்டையான ஆள். நன்றாகச் சண்டை போடுவார், தாராளக் கை, கூட்டாளிகள் அதிகம். அவருடைய குட்டைக் காலைக் கேலி செய்து, குட்டைக் காலுறைக்காரன் என்று பொருள்படும் பட்டப்பெயரைப் பெற்ற தகப்பனே வைத்துக் கூப்பிட்டார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 900 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் சரித்திரப் புத்தகத்தில் அவர் பெயர் கர்ட்ஹோஸ் ராபர்ட்தான். தோல்காரர் பேரன் என்று ஊரார் கேலி செய்தபோது கை காலை வெட்டியவர், தம் பிள்ளைக்குத் தாமே கேலிப்பெயர் சூட்டினார்.

நார்மண்டி உனக்குத்தான் என்று மகனிடம் சொல்லிப் பிரபுக்களையும் சத்தியம் செய்ய வைத்திருந்தார். ஆனால் மகனுக்கு இருபத்தைந்து வயது ஆகியும் நிருவாகத்தை ஒப்படைக்கவில்லை. கையில் காசும் இல்லை, பொறுப்பும் இல்லை. பேருக்கு வாரிசு. மகன் கேட்டார், தகப்பன் மறுத்தார்.

1077-இலோ அடுத்த ஆண்டிலோ லேகிள் என்ற ஊரில் எல்லாரும் தங்கியிருந்தார்கள். தம்பிமார் வில்லியமும் ஹென்றியும் மாடியில் சூதாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுக்காகக் கீழே நின்ற அண்ணன் தலையில் தண்ணீரைக் கொட்டினார்கள். கூட்டாளிகள் பார்த்திருக்க நனைந்து நின்ற ராபர்ட், பாய்ந்து மேலே ஏறினார். சத்தம் கேட்டுத் தகப்பன் வந்து விலக்கிவிட்டார். ஆனால் தம்பிமாரைத் தண்டிக்கவில்லை. அன்று ராத்திரியே ராபர்ட் தம் ஆட்களோடு வெளியேறி, ரூவன் கோட்டையைப் பிடிக்கப் பார்த்தார். அது முடியாமல் தகப்பனுடைய எதிரிகளோடு போய்ச் சேர்ந்துகொண்டார். ஒரு குடம் தண்ணீரில் ஒரு குடும்பம் முழுகியது என்று நினைக்காதீர்கள். குடம் நிறைந்து வெகு நாள் ஆகிவிட்டது. அன்றைக்கு வழிந்தது, அவ்வளவுதான்.

தாய் மனம் கேட்குமா? மட்டில்டா கணவருக்குத் தெரியாமல் மகனுக்கு வெள்ளியும் பொன்னும் அனுப்பினார். விஷயம் வெளியே வந்தது. வில்லியம் கோபத்தில் குதித்தார். மட்டில்டா பயப்படவில்லை. மகன் செத்து ஏழு அடி ஆழத்தில் புதைந்து கிடந்து, தம் ரத்தத்தைக் கொடுத்தால் பிழைப்பான் என்றால் அதையும் கொடுப்பேன் என்று சொன்னதாக ஆர்டெரிக் எழுதுகிறார். மனைவியை ஒன்றும் செய்ய முடியாத வில்லியம், தூது போன சாம்சன் என்பவனின் கண்களைப் பிடுங்கச் சொன்னார். அவன் தப்பியோடி மடத்தில் துறவியாகிப் பிழைத்தான்.

1079 ஜனவரியில் ஜெர்பெராய் கோட்டை முன்னால் அப்பனும் மகனும் நேருக்கு நேர் மோதினார்கள். ஹேஸ்டிங்ஸில் அசையாதவர், ஐம்பது வயதில், தம் மகன் கையால் குதிரையிலிருந்து கீழே விழுந்தார். கையிலும் காயம். கவசத்துக்குள் இருப்பவர் யாரென்று தெரியாமல் தாக்கிய ராபர்ட், அப்பாவின் குரலைக் கேட்டதும் குதிரையை விட்டு இறங்கி, அதிலே அவரை ஏற்றி அனுப்பினார் என்று ஒரு பழைய ஏடு சொல்கிறது. அடுத்த ஆண்டு மட்டில்டாவும் பெரியவர்களும் முயன்று சமாதானம் செய்து வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. 1083 நவம்பர் 2-ஆம் தேதி மட்டில்டா மறைந்தார். குடும்பத்தைக் கட்டி வைத்திருந்த கயிறு அறுந்தது. ராபர்ட் மறுபடியும் வெளியேறினார். தம்பி ஓடோவையும் அதற்கு முந்தைய ஆண்டே வில்லியம் சிறையில் போட்டிருந்தார்.

சவக்குழியில் ஒரு வழக்கு

1087-இல் பிரான்சு ராஜாவோடு தகராறு. மான்ட் என்ற ஊரை வில்லியம் எரித்தார். அங்கே நோயோ காயமோ கண்டு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ரூவன் நகருக்கு வெளியே ஒரு மடத்தில் கிடந்தார். நார்மண்டியை மூத்தவன் ராபர்ட்டுக்கே விட வேண்டியதாயிற்று. இங்கிலாந்து, செல்லப்பிள்ளை வில்லியமுக்கு. கடைக்குட்டி ஹென்றிக்கு 5,000 பவுண்டு வெள்ளி. நிலம் இல்லாமல் காசை வைத்து என்ன செய்வேன் என்று ஹென்றி கேட்டானாம். கேட்டுவிட்டுக் காசை எடை போட்டுச் சரிபார்க்கப் போய்விட்டான். மற்றவன் இங்கிலாந்து கிரீடத்துக்கு ஓடினான். மூத்தவன் எங்கேயோ எதிரி நாட்டில் இருந்தான். செப்டம்பர் 9-ஆம் தேதி வில்லியம் உயிர் பிரிந்தபோது பக்கத்தில் ஒரு பிள்ளை இல்லை.

பிரபுக்கள் அவரவர் வீடு வாசலைக் காக்கக் குதிரை ஏறினார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்களே, அப்படி வேலைக்காரர்கள் ஆயுதம், பாத்திரம், துணிமணி, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். இங்கிலாந்தின் ராஜா, நார்மண்டியின் டியூக், அரைகுறைத் துணியோடு தரையில் கிடந்தார். பெயர் பெறாத ஒரு நாட்டுப்புறக் குதிரை வீரர்தான் சொந்தச் செலவில் உடலைக் கான் நகருக்குக் கொண்டு சேர்த்தார்.

வில்லியம் கட்டிய கோயிலிலேயே அடக்கம். பிஷப்மார்கள், மடத் தலைவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஹென்றி வந்திருந்தான். பிரசங்கம் செய்த பிஷப், இறந்தவர் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டார். அப்போது கூட்டத்திலிருந்து ஓர் ஆள் எழுந்தான். பெயர் அசெலின். நீங்கள் நிற்கும் இந்த இடம் என் தகப்பன் வீடு இருந்த மண். இந்த மனிதர் பலவந்தமாகப் பறித்துக் கோயில் கட்டினார். என் மண்ணில் இவரைப் புதைக்கக் கூடாது என்று கடவுள் பெயரால் தடுத்தான்.

கோயிலே ஸ்தம்பித்துப் போயிற்று. அக்கம்பக்கத்தாரை விசாரித்தார்கள். அவன் சொல்வது உண்மை என்று சொன்னார்கள். அங்கேயே 60 ஷில்லிங் எண்ணிக் கொடுத்து, மீதி நிலத்துக்கும் விலை தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் அடக்கம் நடந்தது. நாடு முழுவதும் யார் நிலம் யாருடையது என்று ஏடு எழுதி வைத்தவருக்குத் தாம் படுக்கும் ஆறடி மண்ணுக்கு உரிமை இல்லாமல் போயிற்று! கல்பெட்டியும் அளவு போதவில்லை. பருத்த உடலைத் திணித்தபோது வயிறு வெடித்து, நாற்றம் தாங்காமல் சடங்கை அவசரமாக முடித்துக்கொண்டு ஓடினார்கள். பின்னாளில் 1562-இல் மதக் கலவரத்தில் கல்லறையை உடைத்து எலும்புகளைச் சிதறடித்தார்கள். ஒரு தொடை எலும்பு மட்டும் மிஞ்சியது என்கிறார்கள்.

பிள்ளைகளின் கதி

மூன்று பிள்ளைகளும் என்ன ஆனார்கள்? அண்ணன் தம்பி சண்டை ஓயவில்லை. 1096-இல் ராபர்ட் சிலுவைப் போருக்குப் போகப் பணமில்லாமல், தகப்பன் விட்டுச் சென்ற நார்மண்டியைத் தம்பி வில்லியமிடம் 10,000 மார்க்குக்கு அடகு வைத்தார். ஜெருசலேம் வரை போய்ப் பெயர் எடுத்தார். அவர் திரும்புமுன், 1100 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, தம்பி வில்லியம் வேட்டைக் காட்டில் அம்பு பட்டுச் செத்தார். மூன்றாம் நாளே ஹென்றி முடிசூட்டிக்கொண்டான். 1106-இல் டான்ஷ்ப்ரே என்ற இடத்தில் தம்பி படையும் அண்ணன் படையும் மோதின. ராபர்ட் பிடிபட்டார். அப்பா இங்கிலாந்தில் இறங்கி அப்போது சரியாக நாற்பது ஆண்டு.

தம்பி அண்ணனை வெளியே விடவே இல்லை. 28 ஆண்டு சிறை. 1134-இல், எண்பது வயது அளவில், கார்டிஃப் கோட்டையில் ராபர்ட் உயிர் விட்டார். எல்லாவற்றையும் தன் கையில் சேர்த்துக்கொண்ட ஹென்றி நிம்மதியாக இருந்தாரா? 1120 நவம்பரில் வெள்ளைக் கப்பல் என்ற கப்பல் பாறையில் மோதி முழுகியபோது அவருடைய ஒரே வாரிசு மகன் கடலில் போனான். ஹென்றிக்குப் பின் அவர் மகள் மட்டில்டாவுக்கும் அடேலாவின் மகன் ஸ்டீபனுக்கும் கிரீடத்துக்காகப் பல ஆண்டு சண்டை. வெந்தது குடிமக்கள்தான்.

அன்புள்ள பெற்றோர்களே! வில்லியம் தம் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற சொத்தில் நூறில் ஒரு பங்குகூட நாம் யாரும் விட்டுச் செல்லப் போவதில்லை. ஆனால் அவர் கொடுக்கத் தவறிய ஒன்றை, கூலி வாங்கும் கையாலும் கொடுக்க முடியும். பிள்ளையைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடாமல் இருக்கலாம். தம்பி முன்னால் அண்ணனை மட்டம் தட்டாமல் இருக்கலாம். வயதுக்கேற்ற பொறுப்பைக் கொடுத்து, நீ செய்வாய் என்று நம்பலாம். இதற்கெல்லாம் ஒரு காசு செலவில்லை.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் மகிழுங்கள். பரிசு வாங்காத பிள்ளையும் அதே வீட்டில் இருந்தால், வீட்டுக்குப் போகும் வழியில் அவன் கையையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களே! யாராவது உங்கள் குலத்தையோ, அப்பா அம்மா செய்யும் தொழிலையோ கேலி செய்தால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியை வாங்கி இன்னொருவன் தலையில் இறக்காதீர்கள். உங்களோடு அது நின்று போகட்டும். நாட்டைப் பிடித்த டியூக்கால் முடியாமல் போன காரியம் அது. உங்களால் முடியும்.